மஞ்சள் கன்னத்துக் குருவி

புரட்டாதிச் சனி விரதத்துக்குச் சமைத்து முடித்தால் முதலில் காகத்துக்கு வைக்கவேண்டும். காகம் வாய் வைத்த பிறகுதான் வீட்டில் உள்ளவர்கள் சாப்பிட உட்காரலாம். மொன்றியலுக்கு வந்தபின்னும் வதனி இந்த வழக்கத்தை ஒரு வருடமும் விட்டதில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில், அவளும் கணவர் நகுலேஸ்வரனும் குடியிருக்கும் மாடி வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சிறிய பல்கனி இருக்கிறது. எள்ளுப் போட்ட சோற்றை ஒரு வாழையிலைத் துண்டில் எடுத்துக்கொண்டு போய் அதன் கம்பியோரம் வைப்பாள். பிறகு "கா, கா" என்று மிக மெல்லிய குரலில் கூப்பிடுவாள். முன்னொருமுறை உரத்துக் கூப்பிட்டபோது எதிர்வீட்டுக் கிரேக்க மனிதர் யாருக்கோ உடம்புக்கு வருத்தம் வந்துவிட்டது என்று பதறி ஓடிவந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த மெல்லிய குரல்தான்.

"அது பிரெஞ்சுக் காகமப்பா. தமிழில கூப்பிட்டா விளங்காது" என்பார் நகுலேஸ்வரன், பசியோடு.

"பசிச்சா எந்தக் காகமும் வரும். உங்களுக்குத்தான் பொறுமை இல்லை."

ஒரு காலத்தில் அந்த வீட்டில் காகத்துக்காகக் காத்திருந்தவர்கள் பலர். வந்த புதிதில், அகதியாக வந்து இறங்கும் பொடியன்களுக்கு முதல் விலாசமே அந்த வீடுதான். முன்னறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள், பகல் வேலைக்கும் இரவு வேலைக்குமாக மாறி மாறி ஒரே குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு போனவர்கள், தொலைபேசியடியில் நின்று அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர்கள். புரட்டாதிச் சனி என்றால் எல்லாரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து பல்கனிக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அருமைராசா என்ற பொடியனுக்குப் பசி தாங்காது. பின்பக்க இரும்புப் படியில் ஏறி நின்று இரண்டு கைகளையும் சிறகு மாதிரி அடித்து, "அக்கா, நான் காகமா வந்திட்டன், வையுங்கோ" என்பான். வீடே சிரிக்கும். தொட்டிலில் கிடக்கும் ஆரூரன் ஏன் என்று தெரியாமலே சிரிப்பான்.

அருமைராசா இப்போது லாசாலில் வீடு வாங்கி, பேரப்பிள்ளை கண்டுவிட்டான். ஆரூரன் கல்கரியில். மகள் நிருஷா லவாலில் இருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து போவாள். முன்னறையில் இப்போது ஒரு சோபாவும் ஒரு தொலைக்காட்சியும் இருக்கின்றன. அந்த வீட்டில் பகலில் கேட்கும் சத்தம் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் மட்டும்தான்.

சென்ற வருடம் புரட்டாதியின் கடைசிச் சனி. காலையிலிருந்து பனிக்குளிரோடு மழை தூறிக்கொண்டிருந்தது. காகம் வரவில்லை. வதனி கதவுக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். இலையின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. காய்ந்த இலைச்சருகு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தால் குருவி. அவளது பெருவிரல் அளவுக்குச் சற்றுக் கூட. முதுகு மண்ணிறம், நெஞ்சும் வயிறும் வாலும் நீலம், மழை கழுவிவிட்ட வானத்தின் நீலம். அப்படியொரு குருவியை அவள் இந்த ஊரிலும் கண்டதில்லை, பிறந்த ஊரிலும் கண்டதில்லை. அது சோற்றைத் தொடவில்லை. சோற்றில் கிடந்த எள்ளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. தின்றுகொண்டே நடுங்கியது.

வதனி கதவைத் திறந்தாள். அது பறக்கவில்லை. பறக்கத் தென்பில்லை. இரண்டு கைகளையும் கூட்டி அள்ளி எடுத்தாள். உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு அடிப்பது மட்டும் தெரிந்தது. அப்போதுதான் அதன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் இரத்தம்.

பூனையின் வேலை என்று நினைத்தாள். அல்லது பருந்து. குசினிக்குள் ஓடினாள். பிள்ளைகள் விழுந்து முழங்கால் உரசிக்கொண்டு வந்தபோதெல்லாம் என்ன செய்தாளோ அதையேதான் இப்போதும் செய்தாள். மஞ்சளைச் சுடுதண்ணீரில் குழைத்து, சுண்டுவிரல் நுனியால் எடுத்து, இரண்டு கன்னத்திலும் கனமாக வைத்தாள். குருவி கண்ணை மூடித் திறந்தது.

நகுலேஸ்வரன் சத்தம் கேட்டு வந்தபோது துவாய்க்குள் தலை மட்டும் வெளியே நீட்டியபடி ஒரு சிறிய நீலப் பிராணி இருந்தது.

"என்னது?"

"குருவி. காயம் பட்டுக் கிடந்தது. மருந்து போட்டிட்டன்."

காயம் சிறகில் என்று அவர் எண்ணிக்கொண்டார். கன்னத்து மஞ்சளை அதன் பிறவி நிறம் என்றே எடுத்துக்கொண்டார். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் நீண்ட நாள் சேர்ந்து வாழ்பவர்கள் பல விடயங்களை இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள்.

"காகம் இன்னும் வரேல்லை. சாப்பிடலாமோ, கூடாதோ?" என்றார்.

"இது திண்டிட்டுது. இது திண்டாப் போதும். வாங்கோ."

கீழ்வீட்டுப் பிலோமினம்மா தன் மகன் முன்பு கிளி வளர்த்த கூட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். மட்டக்களப்புக்காரி. மாலை நேரத்தில் செபமாலையும் வாயுமாக இருப்பவர். செபத்துக்கு நடுவிலும் பகிடி விடுவார்.

"இது என்ன சாதிக் குருவி, புள்ள? எங்கட ஊர்ச் சில்லை மாதிரியும் இரிக்கி, இல்லாத மாதிரியும் இரிக்கி."

"சில்லை எங்க அக்கா நீலமா இருக்கு?"

"மறுகா மீன்கொத்தியாக்கும்."

"மீன்கொத்தியெண்டா சொண்டு நீளமெல்லோ" என்றார் நகுலேஸ்வரன். "இது கட்டைச் சொண்டு. விதை உடைக்கிற சொண்டு."

"தம்பி முழுநாளும் ரீவியில மிருகம் பாக்கிறவர். பேர் மட்டும் தெரியாது."

அந்தக் கேலி நகுலேஸ்வரனைக் குத்திவிட்டது. சென்ட் லோரன்டில் துணி ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு பொருளுக்குப் பெயர் தெரியாமல் இருப்பது அவருக்குப் பிடிக்காது. கைபேசியில் ஒரு படம் எடுத்தார். கோயிலில் மடப்பள்ளியடியில் நின்றவர்களுக்குக் காட்டினார். ஒருவர் தேன்சிட்டு என்றார். ஒருவர் தூக்கணாங்குருவி என்றார். ஐயர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "வடிவான குருவி" என்றார். கடைசியில் அவர் படத்தை நிருஷாவுக்கு அனுப்பி, இது என்ன குருவி என்று தேடிச் சொல்லச் சொன்னார்.

வதனிக்குப் பெயர் தேவைப்படவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில், வெளிச்சம் குறைந்த மூலையில், கூட்டுக்கு மேலே தன் கம்பளிச் சால்வையைப் போட்டு வைத்திருந்தாள். குரக்கனும் தினையும் எள்ளும் கலந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தாள். குடிக்கத் தண்ணீரை ஒரு மூடியில் வைத்தாள். அதில் இறங்கி நனைந்தால் தடிமன் பிடித்துவிடும் என்று மிகச் சிறிய மூடியாகத் தெரிந்தெடுத்தாள். நகுலேஸ்வரன் காலையில் நடக்கப் போகும் நேரத்தில் கன்னத்துக் காயத்துக்கு மஞ்சள் புதிதாக வைப்பாள். குருவி இப்போது கைக்கு நன்றாகப் பழகிவிட்டது.

அதோடு அவள் கதைக்கத் தொடங்கியிருந்தாள்.

ஒருநாள் நகுலேஸ்வரன் நடந்துவிட்டு வந்து சப்பாத்துக் கழற்றும்போது முன்னறையில் அவளது குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

"இந்த இடத்திலதான் கிரி படுக்கிறவன். அவன் நித்திரையில பாட்டுப் படிப்பான். பாட்டெண்டா பாட்டில்லை, ஒரு புலம்பல். ஆரூரன் சின்னப்பிள்ளையளின்ர கார்டெரிக்குப் போய் முதன்முதல் ஒரு பிரெஞ்சுப் பாட்டுப் படிச்சுக்கொண்டு வந்தவன். நாங்கள் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. கிரிதான் எழும்பிக் கை தட்டினவன்."

ஸீப், என்றது குருவி.

"ஓம். நல்லவன்."

அவர் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடையிலேயே சிறிது நேரம் நின்றார். பிள்ளைகள் போனபிறகு அவள் இவ்வளவு சொற்களைச் சேர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை. அவரிடம் அவள் பேசுவது மருந்து, கறி, மின்சாரக் கட்டணம். பழைய கதை சொன்னால் "அதையேன் இப்ப" என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். குருவி அப்படிச் சொல்லவில்லை.

நிருஷா கிழமை நடுவில் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, பறவை துலைச்ச ஆக்களும் கண்டுபிடிச்ச ஆக்களும் எழுதிற ஒரு குழு இருக்கு. அதில உங்கட படத்தைப் போட்டன். எல்லாரும் சண்டை பிடிக்கினம்."

"ஏன்?"

"இது ஆப்பிரிக்காக் குருவியாம். கூட்டில வளக்கிறது. பேர் கோர்டோன் ப்ளூ."

"அது கோழிச் சாப்பாடெல்லே? ஆலைக் கன்ரீனில வெள்ளிக்கிழமை தாறவங்கள்."

"அப்பா, குருவிக்கும் அதுதான் பேர். ஆனா கன்னம்தான் பிரச்சினையாம். அப்பிடிக் கன்னத்தோட ஒண்டு இல்லையாம். கலப்பா இருக்கலாம் எண்டு ஒரு ஆள் எழுதுது. அதைவிட, ஒரு மனுசி தன்ர குருவியா இருக்கலாம் எண்டு எழுதியிருக்கிறா. ஜாரிப் பூங்காவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாவாம். பேர் கத்தரின். நாளைக்குப் பின்னேரம் வந்து பாக்கட்டோ எண்டு கேட்டவ. விலாசம் குடுத்திட்டன்."

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. குசினிக்குள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வதனி எழுந்து வந்தாள்.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனி?"

"அம்மா, அவவின்ர குருவியெண்டா?"

"ஊரெல்லாம் படம் போடச் சொல்லி நான் கேட்டனானே? அது இப்பதான் சுகப்பட்டு வருது. ஆராரோ வந்து கையால பிடிச்சுப் பாக்கிறதுக்கு இதென்ன மரக்கறியே?"

"நான் பேந்து எடுக்கிறன்" என்று நகுலேஸ்வரன் தொலைபேசியை வைத்தார்.

மறுநாள் பின்னேரம் அந்தப் பெண் வந்தார். எழுபது வயது இருக்கும். வெளியே ஈரமாக இருந்த சப்பாத்தை வாசலிலேயே கழற்றி, சுவரோரம் ஒழுங்காக வைத்தார். வதனி குசினியை விட்டு வெளியே வரவில்லை. தேத்தண்ணீருக்கு வைத்த தண்ணீர் கொதித்துக் கொண்டேயிருந்தது. அடுப்பை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை. நடையில் கணவரின் தொழிற்சாலைப் பிரெஞ்சும், அந்தப் பெண்ணின் தாழ்ந்த குரலும் கேட்டன. அவளுக்கு விளங்கியது சில சொற்கள்தான். சால்வையை விலக்கும் சத்தம். பிள்ளையாரே, என்று மனதுக்குள் சொன்னாள். என்ன கேட்கிறோம் என்று சொல்லி முடிக்கவில்லை. முடிக்க வெட்கமாக இருந்தது.

பிறகு வாசற்கதவு சாத்தப்பட்டது.

நகுலேஸ்வரன் குசினிக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"அவவின்ர இல்லையாம்."

வதனி அடுப்பை அணைத்தாள்.

"அடையாளம் ஒத்துவரேல்லை. பாவம். உடம்பு, வால், சொண்டு எல்லாம் அதுதானாம். திரும்பத் திரும்பக் குனிஞ்சு பாத்தவ. பிறகு தலையை ஆட்டிப்போட்டுக் கண்ணைத் துடைச்சவ. அவவின்ர தமையன் வளத்த குருவியளாம். மாசியில ஆள் போயிட்டாராம். சோடியை இவவிட்ட விட்டிட்டுப் போனவர். இவவுக்குக் குருவி வளத்துப் பழக்கமில்லை. கூடு கழுவேக்க ஆண் குருவி யன்னலால போயிட்டுது. பேடு தனிய இருந்து சாப்பிடுதில்லையாம். மூலையில ஒதுங்கி உருண்டையா இருக்குதாம்."

"பாவம்" என்றாள் வதனி. உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் கை தானாகவே நல்ல ஏலக்காயாக இரண்டைத் தெரிந்து தேத்தண்ணீருக்குள் போட்டது.

"போகேக்க ஒண்டு சொன்னவ. இந்தக் குருவியளுக்குக் குளிக்க நல்ல விருப்பமாம். காலமையில ஒரு தட்டில இளஞ்சூட்டுத் தண்ணி வைக்கட்டாம். தன்ர குருவி இல்லையெண்டு தெரிஞ்ச பிறகு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டு இதைச் சொல்லிப்போட்டுப் போறா. தண்ணி ஆழமா வைக்க வேண்டாமெண்டு படிக்குக் கீழ போயும் திரும்பிச் சொன்னவ."

"இந்தக் குளிருக்கை குளிக்கவாத்தால் தடிமன் பிடிக்கும்."

"அவ சொன்னதைச் சொன்னனான்."

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வதனி தண்ணீர் வைக்கவில்லை. ஆனால் குருவி கம்பியில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சிறகை உதறி உதறிக் கொத்தியது. மூன்றாம் நாள் காலை வெயில் எறித்தது. நகுலேஸ்வரன் நடக்கப் போய்விட்டார். அந்தப் பெண் படிக்குக் கீழே போயும் திரும்பிச் சொன்னது வதனியின் நினைவுக்கு வந்தது. தன்னுடையது அல்லாத ஒரு குருவிக்காகச் சொன்ன சொல். அதைத் தட்டுவது சரியில்லை என்று பட்டது. ஊறுகாய் வைக்கும் தட்டைக் கழுவி, விரலால் சூடு பார்த்து, தண்ணீர் வைத்தாள். கூட்டை வெயில் விழும் யன்னலடிக்குக் கொண்டு போனாள்.

குருவி தட்டின் விளிம்பில் நின்று பார்த்தது. பிறகு உள்ளே குதித்தது. தலையை முக்கி எடுத்து, சிறகை விசிறி, நான்கு பக்கமும் தண்ணீர் தெறிக்க ஒரு கூத்தாடியது. வதனியின் கண்ணாடியில் துளிகள் விழுந்தன. அவள் சிரித்தாள். பிள்ளைகளை அந்த வீட்டுக் குளியல் தொட்டியில் குளிக்கவார்த்த நாட்களுக்குப் பின் தண்ணீர் தெறித்து அவள் சிரித்தது அன்றுதான்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தட்டிலிருந்த தண்ணீர் மஞ்சளாகியிருந்தது. குருவி கம்பியில் ஏறிச் சிறகு உலர்த்திக்கொண்டிருந்தது. அதன் கன்னம் சிவப்பாக இருந்தது.

மறுபடி இரத்தம் என்று திடுக்கிட்டாள். கூட்டைத் திறந்து கையில் எடுத்து வெயிலுக்குப் பிடித்தாள். இரத்தமில்லை. காயமுமில்லை. கீறல்கூட இல்லை. சிவந்த இறகு. ஒரு பக்கம் எப்படியோ மறுபக்கமும் அப்படியே, குங்குமத்தை விரலால் தொட்டு வைத்த மாதிரி வட்டமாக. அடிப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அவள் ஒரு வடிவுக்கு மருந்து போட்டிருக்கிறாள்.

நகுலேஸ்வரன் வந்தபோது கூடு பழைய மூலையில், சால்வைக்குள் இருந்தது.

"இஞ்சருங்கோ. அந்த மனுசி என்ன அடையாளம் ஒத்துவரேல்லை எண்டு சொன்னவ?"

"ஏன் இப்ப?"

"சும்மா கேக்கிறன்."

"கன்னம். அவவின்ர குருவிக்குக் கன்னம் சிவப்பாம். இதுக்கு மஞ்சளெல்லே." அவர் செய்தித்தாளை விரித்தார்.

வதனி குசினிக்குப் போனாள். அங்கே மஞ்சள் கிண்ணம் காய்ந்து கிடந்தது. ஒரு துளி தண்ணீர் விட்டால் குழைந்துவிடும். ஒரு பொட்டு இந்தக் கன்னத்தில், ஒரு பொட்டு அந்தக் கன்னத்தில். உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் பொய் சொல்லவேண்டியதும் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். விரலால் கிண்ணத்தைத் தொட்டாள்.

அந்நேரம் பின்படியால் பிலோமினம்மா வந்தார், ஒரு கிண்ணத்தில் பால்சோறோடு. குருவியைப் பார்க்காமல் அவர் போவதில்லை. நேரே போய்ச் சால்வையை விலக்கினார். நகுலேஸ்வரன் செய்தித்தாளோடு அறைக்குள் போயிருந்தார்.

குசினிக்குத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார். "புள்ள. அதுக்குக் கன்னம் சிவத்திருக்கு."

"ஓம் அக்கா."

"வந்த மனுசி தேடினது இதைத்தானே?"

"ஓம்."

பிலோமினம்மா கிண்ணத்தை மேசையில் வைத்தார். வதனியின் விரல் நுனியில் இருந்த மஞ்சளையும் பார்த்தார். அவர் பகிடிக்காரி, ஆனால் அந்த நேரம் பகிடி விடவில்லை.

"நான் வாய் தொறக்க மாட்டன். உன்ட முகத்தில இந்தக் கொஞ்ச நாளாத்தான் ஒரு வெளிச்சம் இரிக்கி. கீழ இருந்து நீ கதைக்கிறது எனக்குக் கேக்கும். பழைய பொடியன்மார்ட கதை, ஆரூரன்ட கதை. நானும் கோப்பையைக் கழுவாம நிண்டு கேப்பன். இது இஞ்ச இருக்கட்டும். கடவுளுக்கு இதெல்லாம் பெரிய கணக்கில்ல."

அது கெட்ட மனதோடு சொன்ன சொல் அல்ல. அன்பினால் சொன்ன சொல். அதனால்தான் அதைத் தள்ளுவது கடினமாக இருந்தது. வதனி தண்ணீர்க் குழாயைத் திறந்து விரலைக் கழுவினாள். மஞ்சள் சுலபத்தில் போகவில்லை.

நகுலேஸ்வரன் முதலில் வந்து, அவளை ஸ்பொன்சர் செய்து எடுப்பதற்குள் இரண்டு மாரி போய்விட்டன. அந்த நாட்களில் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் அவள் தனியே இருந்தாள். சோறு தொண்டைக்குள் இறங்காது. பக்கத்து அறையில் இருந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண் தினமும் ஒரு கோப்பை கஞ்சியைக் கொண்டுவந்து, "நீ குடிச்சாத்தான் நான் போவன்" என்று கதவடியில் நிற்பாள். அவளுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. வதனி உயிரோடு விமானம் ஏறியது அந்தக் கஞ்சியால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட வீடு இது. சாப்பிடாமல் இருப்பது என்றால் என்னவென்று தெரிந்ததனால்தான் போட்டாள்.

"அங்க ஒண்டு சாப்பிடாமல் கிடக்காம், அக்கா" என்றாள்.

பிலோமினம்மா பால்சோற்றை மூடி வைத்தார். பிறகு, "சரி, பெட்டி ஒண்டு கொண்டு வாறன். கூட்டோட தூக்கினாக் காத்துப் பட்டுப்போகும்" என்று கீழே இறங்கினார்.

"இஞ்சருங்கோ" என்று வதனி அறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "அந்த மனுசியின்ர நம்பரை எடுங்கோ."

நகுலேஸ்வரனுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்த அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மஞ்சள் என்றதும் அவர் முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"நீர் சொல்லாமல் விட்டிருந்தா எனக்குக் கடைசிவரைக்கும் தெரிஞ்சிராது."

"அது எனக்கும் தெரியும். அதுதான் பயமா இருந்தது."

அவர் போய், அவளது குளிர் அங்கியை எடுத்து வந்து பிடித்தார். அவள் கையை நுழைத்தாள்.

ஜாரிப் பூங்காவைக் கடந்து நடந்தார்கள். மேப்பிள் இலைகள் நனைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தன. பெட்டியை வதனி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். உள்ளிருந்து இடைக்கிடை ஸீப் என்று சத்தம் வந்தது. இந்தப் பூங்காவில்தான் ஆரூரன் முதன்முதல் பனியில் விழுந்து எழும்பினான் என்று தொடங்கினாள். நகுலேஸ்வரன் குறுக்கே பேசவில்லை. "பிறகு?" என்று கேட்டார். அவள் ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு நடந்ததையும் சொன்னாள்.

கத்தரின் கதவைத் திறந்தார். தொலைபேசியில் சொன்னது அவருக்கு முழுதாக விளங்கியிருக்கவில்லை. வதனி பெட்டியின் மூடியைச் சற்று விலக்கிக் காட்டினாள். கத்தரின் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வதனியைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

வதனியிடம் பிரெஞ்சு போதவில்லை. நகுலேஸ்வரன் வாயைத் திறக்குமுன் அவளே தன் இரண்டு கன்னங்களையும் தொட்டுக் காட்டினாள். வலிக்கிற மாதிரி முகத்தைச் சுழித்தாள். பிறகு, இன்னும் மஞ்சள் போகாத தன் சுண்டுவிரலைக் காட்டி, அதைக் கன்னத்தில் பூசிக் காட்டினாள். கத்தரினுக்கு ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே அழுதார். அழுதபடியே வதனியின் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

கூடு உள்ளே, யன்னலோரம் இருந்தது. பேட்டுக்குக் கன்னத்தில் சிவப்பில்லை, நீலமும் மங்கல். மூலையில், இறகைச் சிலிர்த்து, உருண்டையாக இருந்தது. அதன் கிண்ணத்தில் விதை தொடாமல் கிடந்தது. கத்தரின் கூட்டின் கதவைத் திறந்தார். வதனிதான் குருவியை உள்ளே விட்டாள். கையை உடனே எடுக்கவில்லை. அது அவளது விரலில் சிறிது நேரம் நின்றது. பிறகு கம்பிக்குத் தாவியது.

பேடு தலையைத் திருப்பியது. சிலிர்த்திருந்த இறகு மெல்ல மெல்லப் படிந்தது. ஆண் குருவி கம்பியில் பக்கவாட்டாக நகர்ந்து நகர்ந்து போய் அதோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. இரண்டும் எவ்வளவோ நேரம் அப்படியே இருந்தன. கத்தரினின் வீட்டில் வேறு சத்தமில்லை. சுவரில் ஒரு மனிதரின் படம் இருந்தது. அவர்தான் தமையனாக இருக்கவேண்டும். வதனி தன் பையிலிருந்து குரக்கனும் தினையும் கலந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். கத்தரின் பழைய விதையைக் கொட்டிவிட்டு அதைக் கிண்ணத்தில் போட்டார்.

வெளியே வெயில் மங்கத் தொடங்கியது. நகுலேஸ்வரன் தொப்பியைக் கையில் எடுத்தார்.

"போவமே?"

ஆண் குருவி கிண்ணத்தடிக்கு இறங்கியிருந்தது. பேடு மேலே இருந்து அதைப் பார்த்தது. பிறகு ஒரு கம்பி இறங்கியது.

"நில்லுங்கோ" என்றாள் வதனி, அவர் பக்கம் திரும்பாமல். "அது ஒரு வாய் தின்னட்டும். பேந்து போவம்."